குழிக்குள் போன வாள்

நவம்பர் 12, செவ்வாய்.
புனித மார்ட்டின் திருநாள் நேற்றே முடிந்துவிட்டது; நாள் தவறிப் பன்றி அறுக்கிறார்கள் என்று பாதிரியான நான் சொன்னதை எவரும் பொருட்படுத்தவில்லை. அந்த இரத்தத்திற்கு அருகிலேயே ஔத்கார் பிரபுவின் உடலை இறக்கினார்கள். ஆற்றங்கரைப் புல்வெளித் தகராறு. பக்கத்து நிலத்துக்காரன் ஹுன்ரிக்கின் கோடரி தோளிலிருந்து மார்புவரை பிளந்திருந்தது.

நவம்பர் 14, வியாழன்.
அடக்கம். பலகை அடித்த பெரிய குழி. சீப்பு, வெண்கலக் கிண்ணம், ஈட்டி, பன்றித் தொடை. இறந்தவருக்கு இவை எதற்கு என்று கேட்பதை நான் விட்டு நெடுநாளாயிற்று. கடைசியில் குலத்தின் வாளையும் உள்ளே வைக்கச் சொன்னார் மனைவி பெர்த்திலா. மகன் ரக்னோ பாய்ந்தான்.
"அது எனக்கு வரவேண்டியதும்மா! வாளில்லாதவன் பின்னாடி எவன் வருவான்?"
"அதுக்குத்தான்டா புதைக்கிறேன். நீயாவது முழுசா இரு."

டிசம்பர் 26, வியாழன்.
ஹுன்ரிக்கின் ஆட்கள் வேலியோரம் நின்று கூவினார்கள்: "ஏய் ரக்னோ, அப்பன் வாளு எங்கடா? உங்கம்மா வெங்காயம் நறுக்குறாளா?"

பிப்ரவரி 18, செவ்வாய்.
ரக்னோ கல்லறையைத் தோண்டிவிட்டான். சட்டப்படி குற்றம், பாவமும்கூட. தடுக்கப் போன என்னை மண்வெட்டிக் காம்பால் தள்ளினான். குழியில் முழங்கால் அளவு நீர். உறையோடிருந்த வாளின்மேல் தந்தையின் கை கிடந்தது. மணிக்கட்டை மிதித்து முறித்தான். அந்தச் சத்தம் — வேண்டாம், எழுதமாட்டேன்.
"உருவித் துடைச்சிடலாமே" என்றான் கூட வந்தவர்களில் ஒருவன்.
"பழி வாங்குற வாளை எதிரி மூஞ்சிக்கு முன்னாடிதான்டா உருவணும்!"
ஆட்கள் ஆரவாரித்து அவன் பின்னே போனார்கள்.

பிப்ரவரி 21, வெள்ளி.
ரக்னோவைக் கொண்டுவந்து போட்டார்கள். மூன்று மாத ஈரத்தில் உறையின் மரம் ஊதி, துருப்பிடித்த இரும்பைக் கவ்வியிருந்திருக்கிறது. ஹுன்ரிக்கின் முன்னால் இரு கையாலும் இழுத்துக்கொண்டே நின்றானாம். அவர்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் பிறகு வெட்டினார்களாம். கைகள் இரண்டும் இல்லை. உருவாத வாளை மார்போடு கட்டி அனுப்பியிருக்கிறார்கள். பாவிப் பசங்க! பத்தொன்பது வயசுப் பிள்ளைடா அவன் — நான் எதுக்கு இன்னும் உயிரோட இருக்கேன்?

பிப்ரவரி 23, ஞாயிறு.
தந்தையின் அருகிலேயே அடக்கம். சீப்பும் கிண்ணமும் வைத்தோம். வாளை வைக்கவில்லை. கொல்லன் உறையைப் பிளந்து, துருவைத் தேய்த்துக் கொடுத்தான். பெர்த்திலா அதைத் தம் இடுப்பில் கட்டிக்கொண்டார். ஆட்கள் குதிரைகளுக்குச் சேணம் பூட்டினார்கள்.
ஆண்டவரின் நாளில் இரத்தம் சிந்தலாகாது என்று வாசலை மறித்தேன்.
"இன்னிக்கு ஞாயிறா, சாமி?"
"ஆமாம்மா. சந்தேகமே இல்ல."
"அப்ப நாளைக்கு" என்றவர், குதிரைகளுக்குத் தீனி வைக்கச் சொன்னார்.