மாலை போட்ட பெட்டி

ரிங்லெட்
புதன்கிழமை

அன்பு மகள் வனஸ்ஸாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். பினாங்கில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க வேண்டுகிறோம். இங்கே விடாத மழை. முழங்கால் வலியோடு அம்மா கோயிலுக்குப் போய்த்தான் வருகிறாள், சொன்னால் கேட்பதில்லை.

போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் தேயிலை ஃபேக்டரியில் சூடும் ஈரமும் பார்க்க நீ பொருத்திய பெட்டிகளில், படிக்கட்டு உத்தரத்துக்குப் பின்னால் இருந்ததைக் கழற்றியது நான்தான். கொழுந்து வாட்டும் மேல்மாடியிலிருந்து சேதியை வாங்கி ஆபீசுக்கு அனுப்புவது அது ஒன்றுதான், கை வைக்காதீங்கப்பா என்று படித்துப் படித்துச் சொன்னாய். கேட்டேனா? ஃபேக்டரியை மந்திரிக்க ஃபாதர் வருகிறார், எஸ்டேட்டே கூடும், என் மகள் செய்தது மூலையில் ஒளிந்து கிடப்பதா என்று வாசலில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். செவ்வந்தி மாலை வேறு. ஃபாதர் அதற்கும் தீர்த்தம் தெளித்தார். கிளாரன்ஸ் மகள் கெட்டிக்காரிலா என்று ஆளுக்காள் சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆபீஸ் திரையில் பழைய கணக்கே அசையாமல் நின்றது. அதை நம்பி யாரும் நிறுத்தாததால் மேலே சூட்டு விசிறி விடாமல் ஓடி, கொழுந்து முழுக்கச் சருகாகிவிட்டது. படிக்கட்டுப் பெட்டி வச்ச இடத்துலதானே இருக்குப்பா என்று நீ போனில் கேட்டாய். ஆமாம்லா என்று வாய் கூசாமல் சொன்னேன். இனி எந்த ஃபேக்டரி வேலையும் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கக் கூடாது என்று எஸ்டேட் மேனேஜர் துரை கத்தியபோதும் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். சீ, நானும் ஒரு தகப்பனா!

நேற்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணி செல்வராஜு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பெட்டி வாசலில் இருப்பதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாயாம். அப்பாவுக்கு வேலை போய்டும், சொல்லாதீங்க அங்கிள் என்று கெஞ்சினாயாம். பிறகு துரையிடம், நான் குறித்த இடம்தான் தப்பு என்று பழியைத் தலையில் போட்டுக்கொண்டாயாம். சின்ன வயதில் பொய் சொன்னாய் என்று உன்னை அடித்தவன் நான். கூனிக் குறுகிப் போனேன், தாயி.

இன்று காலை துரையிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போ, கூப்பிடுகிறேன் என்றார். வேலை போனால் எஸ்டேட் வீடும் போகும் என்று அம்மா அழுகிறாள்.

துரை உன்னையும் கூப்பிட்டு விசாரிப்பார். எங்கப்பாதான் எடுத்தார் என்று சொல்லிவிடு. எனக்காக இன்னொரு பொய் சொல்லாதே. ஆண்டவர் உன்னைக் கைவிடமாட்டார்.

கிறிஸ்மசுக்கு வா. என்னோடு பேசாவிட்டாலும் சரி, வா.

உன் அப்பா,
கிளாரன்ஸ்