பிரிஜிட் மாதாவின் துணி

எசன், ஜேர்மனி
18.02.2006

அன்பு மகள் வனஜாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். நீயும் அந்த அயர்லாந்து மழையில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க நல்லூரான் முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போனில் என்றால் நீ பேச்சை மாற்றிவிடுவாய்.

உன் பார்சல் திங்கட்கிழமை வந்தது. புல்லில் பின்னிய சிலுவை வழியிலேயே நசுங்கிவிட்டது, அப்பா அதை நிமிர்த்தி வாசல் கதவுக்கு மேலே பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, அயர்லாந்துக்காரரின் நம்பிக்கைப்படி இனி வீடு தீப்பிடிக்காது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். கூடவே ஒரு வெள்ளைத் துணி. ஈர நாற்றம், மூலையில் குருவி எச்சம். சிலுவையைச் சுற்றிய துணியாக்கும் என்று நான் அதை மெஷினில் அறுபது டிகிரியில் போட்டுக் கழுவி, அயர்ன் பண்ணி மடித்தும் வைத்துவிட்டேன். வியாழக்கிழமைதான் உன் கடிதம் வருகிறது. அந்த நாட்டுப் புனிதை பிரிஜிட் மாதாவின் திருநாளுக்கு முதல்நாள் அங்கே துணியை வெளியில் போட்டுவைப்பார்களாம், இரவில் மாதா வந்து தொட்டுவிட்டுப் போவாவாம், பிள்ளைப்பேற்றுக்காரி மேலே அதைப் போட்டால் சுகமாகப் பெறுவாளாம், ஆனால் கழுவக்கூடாது என்று உன் வாடகை வீட்டுக்காரி சொன்னாவாம். இதை ஒரு துண்டில் எழுதிப் பார்சலுக்குள்ளேயே வைத்திருந்தால் உன் கை முறிந்துவிடுமா?

எனக்கு மாதா மேலே கோபமில்லை, உன் மேலேதான். நான் கேட்டது உன்னை, நீ அனுப்பியது துணி. போன வருடம் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த உன் தங்கச்சி நிலக்சி இந்த முறை எழும்பி நடக்கவும் பயந்து எங்கள் வீட்டுக் கட்டிலிலேயே கிடக்கிறாள். டொக்டர் சொன்ன நாள் மார்ச் பத்து. "அக்கா பக்கத்தில நிண்டால் எனக்குப் பயமில்லை" என்று ஒரே பாட்டு. நீ லீவு இல்லை என்கிறாய். பிரசவ வார்டில் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கைபிடிக்கிற நர்ஸ் நீ, சொந்தத் தங்கச்சிக்கு லீவு கேட்க வாய் வராதா? நேரத்துக்குச் சாப்பிடு, ஈரச் சப்பாத்தோடு திரியாதே, ஆனால் முதலில் லீவைக் கேள்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு நிலக்சி துணி எங்கே என்றாள். கழுவினதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, எடுத்துக் கொடுத்துவிட்டேன். இப்போது அதை வயிற்றில் விரித்துக்கொண்டுதான் படுக்கிறாள். நேற்று முகத்தில் வைத்து மணந்து பார்த்துவிட்டு, "அக்கான்ர வாசம் அடிக்குது அம்மா" என்றாள். அது நான் போட்ட சோப்புத்தூளின் வாசம். அவளிடம் நீயும் சொல்லிவிடாதே. வந்து சேர்.

நல்லூரான் உன்னைக் காப்பாற்றட்டும். பிரிஜிட் மாதாவையும் சேர்த்து எழுதச் சொல்கிறார் அப்பா. டிக்கெட் எடுத்த பிறகு போன் பண்ணு, அதற்கு முதல் வேண்டாம்.

கோபத்தோடு,
அம்மா
சிவமலர்