மஞ்சள் திரை

சனி, 8.3.97
காலையிலிருந்து மழை. பிரிக்பீல்ட்ஸ் சங்கக் கட்டடத்தில் ஒழுகல், கம்ப்யூட்டர்கள் மேல் பிளாஸ்டிக். நான் நடத்தும் முதியோர் கம்ப்யூட்டர் வகுப்புக்கு ஆறு பேர். ஆறு பேருக்கும் ஒரே புகார்: திரையில் எழுத்து எறும்பு மாதிரி.

மூன்று வாரம் மெனக்கெட்டிருந்தேன். எழுத்து பெரிசு. பின்னணி கறுப்பு, எழுத்து வெள்ளை. பளிச்சென்று இருந்தது. கிள்ளானிலிருந்து ரயிலில் வந்த அப்பா முகம் சுளித்தார். "என்னடா இது, கருமாதி பத்திரிகை மாதிரி? மாத்து லா." மற்ற ஐந்து பேரும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். பழைய திரைக்கே மாற்றினேன்.

ஆகவே வழக்கம்போல, மெல்பர்னிலிருந்து அண்ணன் அனுப்பும் வார இ-மெயிலை நான்தான் வாசித்துக் காட்டினேன். அரை மணி நேரம். வாரத்தில் அப்பா என் பக்கத்தில் உட்காருவது அவ்வளவுதான்.

வியாழன், 13.3
மவுஸ் 2, வாளி 1 வாங்க வேண்டும். கூரைக்காரர் வரவில்லை.

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த வசந்தி, எல்லாத் திரையையும் மஞ்சளாக்கிவிட்டாள். மேலே தடித்த கறுப்பு எழுத்து. ஏன் மஞ்சள் என்றேன். "கல்யாணப் பத்திரிகை மூலையில மஞ்ச தடவுறோம்ல அண்ணே? அதான்." பத்து நிமிட வேலை. எனக்கு ஏன் தோன்றவில்லை? வயிறு எரிகிறது. இந்த டைரியில் என்ன வெட்கம், எரிகிறது.

சனி, 15.3
நல்ல வெயில். ஆறு பேரும் திரை முன்னால் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள். "மங்களகரமா இருக்கு. கெட்டிக்காரப் பொண்ணு," என்றார் அப்பா. நாற்பத்திரண்டு வயதில் எனக்கு ஒரு தடவை கிடைத்ததா அந்தச் சொல்? வீட்டில் அது அண்ணனுக்குப் பட்டா போட்டது. இப்போது இவளுக்கும்.

அண்ணன் மெயில் வந்திருந்தது. நாற்காலியை இழுத்தேன்.

"நீ போய் டீ குடி. எனக்கே தெரியுது."

வாசலில் நின்று பார்த்தேன். திரையில் விரல் வைத்து வரிவரியாக வாசித்தார். முடித்தார். மறுபடி மேலே போனார். பிறகு வசந்தியிடம் போன வாரத்தது, அதற்கு முந்தினது என்று ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார்.

"டேய், இங்க வா. 'தம்பி எப்படி இருக்கான், அவன் இருக்கறதாலதான் எனக்குக் கவலை இல்ல'ன்னு அண்ணன் வாரா வாரம் எழுதுவானே? ஒன்னுலகூடக் காணோமே?"

அதை நானே சேர்த்து வாசித்தேன் என்று எப்படிச் சொல்வது? டீ வாங்கி வருகிறேன் என்று படியிறங்கிவிட்டேன்.