ஆ என்றால் கம்பிங்

8-10-1957, செவ்வாய்

சிஹாபுதீன் பாய் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் மளிகைக்கடையில் கடிதம் படித்தால் ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்கும். இன்று எதிர்வீட்டு மீனாச்சிக்குச் சிரம்பான் சம்பந்தியம்மாள் எழுதியிருந்தார். "பெண் குறட்டை விடுமா? என் மகன் விடுவான், அதனால் கேட்கிறேன்" என்று வேடிக்கையாக ஒரு வரி. பாய் அதைத் தமிழில் ஒரு தடவை, மலாயில் ஒரு தடவை படித்துவிட்டார். மாலையில் மீனாச்சி மகள் பத்மினி தெருவில் நடக்கிறாள், பின்னால் குறட்டைச் சத்தம். இன்னொரு கடிதம் கடைக்குப் போனால் கல்யாணமே வேண்டாம் என்கிறாள் பெண்.

நான் படித்துச் சொல்கிறேன் என்றேன்.

"பாய் படிச்சா தெருவுக்குத் தெரியும். நீ படிச்சா உனக்குத் தெரியும் ருக்மணி. எனக்கு மட்டும் தெரியணும்" என்றாள் மீனாச்சி.

மீனாச்சி, தலைமுறைகளாக மலாயே பேசும் மலாக்காச் செட்டிக் குடும்பம்; எங்களுக்குள் பேச்செல்லாம் மலாய்தான், இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன். எழுத்துக் கற்றுத்தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தை மிதிக்காதவள் நான், பஞ்சாங்கத்தை வைத்து எழுத்துக் கூட்டியவள். முருகா, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

12-10, சனி

காலண்டர் படங்களை வெட்டி அட்டையில் ஒட்டினேன். அ அணில், ஆ ஆடு. கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன் — வரவு: ஐந்து எழுத்து.

15-10

செலவு: நான்கு. மறந்துவிட்டாளாம்.

19-10, சனி

மறக்கவில்லை. தப்பு என்னுடையது. ஆட்டைக் காட்டினால் அவள் வாயில் வருவது கம்பிங், மலாயில் ஆட்டுக்கு அதுதான் பெயர். அதனால் அந்த எழுத்தை ஒரு வாரமாக 'க' என்று ஒழுங்காகப் படித்திருக்கிறாள், பாவம். ஆ என்றால் ஆடு — தமிழ் பேசுகிறவளுக்குத்தானே?

பத்திரிகையின் மாதர் பக்கத்துக்கு எழுதிப் போட்டேன். வீட்டில் பெண்களுக்கு எழுத்துக் கற்றுத்தருகிற சகோதரிகள் எவரேனும் உண்டா, எதை வைத்துக் கற்றுத்தருகிறீர்கள் என்று.

"சமையல் குறிப்புன்னு நெனச்சுப் போட்டுடப் போறாங்க" என்றார் இவர்.

29-10

சஷ்டி விரதம் முடிந்தது. பதில் ஒன்றும் இல்லை.

10-11, ஞாயிறு

இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். கிள்ளான் சீதா ஆறு பக்கம்; அதில் ஐந்தரை பக்கம் மருமகள். மீதி அரைப் பக்கம் தங்கம் — தட்டில் அரிசிமாவைப் பரப்பி விரலால் எழுத வை, தப்பினால் தடவிவிடலாம், வெட்கமிருக்காது. தம்பின் ஊர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரப் பெண்களுக்குச் சொல்லித்தரும் கோகிலா பாடம் பற்றி இரண்டே வரி: "படத்தை எறி. அவள் வாயில் இருக்கிற சொல்லைப் பிடி." அந்த அம்மாள் வகுப்பில் யாரும் தூங்கமாட்டார்கள்.

ஒரே நோட்டுப் புத்தகத்தைத் தபாலில் சுற்றவிடுவோம், பலித்ததையும் பலிக்காததையும் அவரவர் எழுதலாம் என்றும் கோகிலா சொல்கிறார். பலிக்காததில் நான் ஆட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

12-11, செவ்வாய்

இரண்டு மொழியிலும் இருக்கிற சொற்களைத் தேடினேன். கப்பல், கடை, கட்டில், பெட்டி. கொஞ்சம் நாக்கு மாறினால் அவளுக்கும் அதே பொருள். மளமளவென்று வந்தது. உற்சாகத்தில் தாலி என்று எழுதிவிட்டேன். மலாயில் அது வெறும் கயிறு.

"எந்தத் தாலி, கழுத்துலயா கிணத்துலயா?" என்றாள் மீனாச்சி.

"ரெண்டும் இழுக்கத்தான்" என்றார் இவர், கூப்பிடாமலே வந்து.

வரவு: ஒன்பது. செலவு இல்லை.

7-12, சனி

பெட்டிக்கடைப் பலகையைத் தானாகப் படித்தாள். நான் பூரித்துப்போனேன். அவள் யோசனையாக, "படிக்கிறேன். ஆனா கடிதம் தமிழ்ல வருமே. தமிழ் எனக்குப் புரியாதே" என்றாள்.

இரண்டு மாதம். இது எனக்குத் தோன்றவே இல்லை. நானெல்லாம் ஒரு வாத்தியாரம்மாள்.

10-12, செவ்வாய்

சம்பந்தியம்மாளுக்கு மலாய் பேச வரும். மலாய் எழுதுகிற ரூமி, அதாவது இங்கிலீஷ் எழுத்து, தெரியாது. அப்படியென்றால் மலாயைத் தமிழ் எழுத்தில் எழுதினால் என்ன?

"தமிழ்த்தாய் கோவிச்சுக்குவா."

"இத்தனை வருஷமா இங்கதான இருக்கா. அவளுக்கு மலாய் தெரியாதா என்ன?" என்றேன். இவர் வெற்றிலையை மென்றுகொண்டு போய்விட்டார்.

17-12, செவ்வாய்

மீனாச்சி தன் கையால் எழுதிய முதல் கடிதம் தபாலில் போயிற்று. 'நலமா' என்று மலாயில் தொடங்கினாள். எழுத்தைச் சொல்லிக்கொடுத்தது நான்.

20-12, வெள்ளி

எழுதக் கை கூசுகிறது.

காலை பஸ்ஸில் சம்பந்தியம்மாள் வந்து இறங்கி மீனாச்சி வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார். கதவைத் திறந்தவர் மீனாச்சியின் கணவர், பத்மினியின் அப்பா; பெயர் சின்னப்பா. அவரைப் பார்த்ததும் அழுகை நின்று அலறலாயிற்று.

நலமா என்பதற்கு மலாயில் 'ஆப்பா கபார்' என்றிருக்க வேண்டியது. நான் சொல்லிக்கொடுத்ததோ 'அப்பா கபர்'. கபர் என்றால் புதைகுழி ஆயிற்றே; அந்த அம்மாள் முதல் வரியிலேயே பத்மினியின் அப்பா போய்விட்டார் என்று எண்ணி மேலே படிக்கவில்லை. ஒரு துணைக்கால் விட்டால் ஒரு மனிதரே போய்விடுகிறார்.

கல்யாணம் பேசின வீட்டில் ஒப்பாரி. பத்மினி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போயிற்று, என்னால் போயிற்று என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சின்னப்பாதான் சொன்னார்: "நான் செத்ததுக்கு இவ்வளவு அழற சம்பந்தி எனக்கு வேற எங்க கிடைக்கும்? கல்யாணத்த தை மாசமே வச்சிடுவோம்."

அந்த அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார். பிறகு அவரும் மீனாச்சியும் மாவுத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு, எந்தச் சொல்லுக்கு எங்கே கால் போடுவது என்று மத்தியானம் வரை முடிவு செய்தார்கள். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

11-1-1958, சனி

சிரம்பானிலிருந்து கடிதம். மீனாச்சி வீட்டுப் படியில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தாள். உதடு அசைந்தது. பாதியில் சிரித்தாள். மறுபடி அந்த வரிக்கே போனாள். நான் எங்கள் வாசலில், பெருக்கின இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தேன்.

"என்னவாம்?"

"உனக்கில்ல." மடித்துச் சாரோங் இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கடைக்குப் போனால் பாய், "சிரம்பான் கடிதம் வந்துச்சாமே, என்னம்மா சேதி?" என்றார்.

"எனக்கும் தெரியாது பாய்."

அவர் நம்பவில்லை. சுற்று நோட்டு என் முறைக்கு வந்திருக்கிறது. இன்று அதில் எழுதினேன்: பாடம் பலித்தது. கடிதத்தில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை.