ஆறாவது பவுலுக்குப் பெட்டி இல்லை

மன்னார்
07.09.2024

அன்புள்ள கீர்த்திகா அக்காவுக்கு,

நீங்கள் யாழ்ப்பாணத்தில் உங்கள் மாமா வீட்டில் இருப்பதாக அறிந்தேன். முழங்கால் நோவு கொஞ்சமாவது இறங்கியிருக்கும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். இங்கே வாப்பாவும் உம்மாவும் நலம். கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. எழுதுகிற தாளின் மேல் சீனிப் போத்தலை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. போன மாதம் இருபத்து நாலாம் திகதி நடந்த கூடைப்பந்து இறுதிப் போட்டியில், மேசையில் இருந்து பவுல்களை, யார் எத்தனை தரம் விதி மீறினார்கள் என்பதை, எழுதியவள் நான். சாம்பல் நிறத் துணியால் தலையை மூடிக்கொண்டு, நேரம் பார்க்கிற றிஸ்லானுக்குப் பக்கத்தில் இருந்தேன். என் பெயர் முஸ்பிரா. வயது பதினேழு.

இன்னொன்றையும் முதலே சொல்லிவிடுகிறேன். போன கிழமை உங்கள் போனுக்கு மூன்று தரம் ஒரே நம்பரிலிருந்து அழைப்பு வந்திருக்கும். நீங்கள் ஹலோ என்றதும் யாரும் பேசவில்லை. மூன்றாம் தரம் நீங்கள், “இப்பிடி விளையாடுறதுக்கு உங்களுக்கு வெக்கமா இல்லையோ?” என்று ஏசினீர்கள். அது நான்தான் அக்கா. வீரர்களின் விண்ணப்பத்தில் உங்கள் நம்பர் இருந்தது. விளையாடுவதற்காக எடுக்கவில்லை. எனக்கு வாய் வரவில்லை.

சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் இடாப்புக் கூப்பிடும்போது என் பெயருக்கு என் சிநேகிதி அன்ரோனெற்தான் பதில் சொல்லுவாள். “முஸ்பிரா வந்திருக்கிறா ரீச்சர், ஆனா இண்டைக்கும் வாயை வீட்டில விட்டிட்டு வந்திட்டா” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். அவள் கீரிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வருவாள். ஒன்பதாம் வகுப்பில், நன்றாக விளையாடுகிறாள் என்று ஒரு கல்லூரி அவளைக் கூப்பிட்டு எடுத்துக்கொண்டது. அவள் போன பிறகு இடாப்பில் என் பெயர் வரும்போது நான் கையை உயர்த்துவேன். ரீச்சர் தலை நிமிர்ந்து பார்க்க மாட்டா. ஏழு நாள் வகுப்பில் இருந்துகொண்டே வராதவளாக எழுதப்பட்டேன். மகள் ஏன் வருவதில்லை என்று வாப்பாவுக்குக் கடிதம் வந்தது. அதன்பிறகு உண்மையிலேயே போகாமல் விட்டுவிட்டேன். வாப்பாவின் கடையில் சாமான்களுக்கு விலைச் சீட்டு எழுதத் தொடங்கினேன்.

அந்த எழுத்தைப் பார்த்துத்தான் றிஸ்வி சேர் என்னை மேசைக்குக் கூப்பிட்டார். உங்கள் போட்டிக்கு நடுவராக நின்றவர் அவர்தான். விதிப் புத்தகத்தை வைத்து இரண்டு நாள் சொல்லித் தந்தார். ஓர் ஆள் வேண்டுமென்றே பிடித்ததா, தவறிப் பட்டதா என்று எப்படித் தெரியும் என்று றிஸ்லான் கேட்டான். அதற்குச் சேர், “ஒருத்தரின்ர மனசுக்குள்ளயும் போய்ப் பார்க்க ஏலாது. அது தெரிஞ்சிருந்தா நான் கலியாணத்துக்கு முதலே பார்த்திருப்பன். கை பந்துக்குப் போகுதோ, ஆளுக்குப் போகுதோ, அதைத்தான் பார்க்கிறது” என்றார். எனக்குத் தந்த வேலை அதைவிடச் சுகம். ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே ஐந்து பெட்டி. ஒரு பவுலுக்கு ஒரு புள்ளடி. ஐந்தாவது பெட்டி நிரம்பினால் மணியை அடித்து, ஐந்து என்று எழுதிய சிவப்பு மட்டையைத் தூக்க வேண்டும். அந்த ஆள் வெளியே போய்விட வேண்டும். அவ்வளவுதான். “இந்த மேசையில மணிக்கு வாய் இருக்கு, ஆளுக்குத்தான் இல்லை” என்று றிஸ்லான் பகிடி பண்ணினான்.

போட்டி முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது நீங்கள் பந்தோடு எழும்பினீர்கள். அன்ரோனெற் தடுக்கப் பாய்ந்தாள். அவள் கை பந்தில் படாமல் உங்கள் மணிக்கட்டில் பட்டது. சேர் விசில் ஊதி எட்டாம் இலக்கத்தைக் காட்டினார். எட்டாம் இலக்கம் அன்ரோனெற். நான் புள்ளடி போட்டேன். அது ஐந்தாவது பெட்டி.

மட்டை என் மடியில் இருந்தது. மணி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அடித்தால் மைதானத்தில் இருக்கிற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அப்போது அன்ரோனெற் என்னைப் பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அடிக்காதே என்று கேட்கிறாள் என்று நான் விளங்கிக்கொண்டேன். எத்தனை வருடம் எனக்காக வாய் திறந்தவள். றிஸ்வி சேர் மேசைப் பக்கம் திரும்பி, எல்லாம் சரியா என்று பெருவிரலைக் காட்டிக் கேட்டார்.

நான் தலையாட்டினேன் அக்கா.

யார் எதைக் கேட்டாலும் நான் தலையாட்டுகிறவள். தேத்தண்ணி வேணுமா என்றாலும், காய்ச்சலா என்றாலும், கோபமா என்றாலும். ஓமென்று ஆட்டிவிட்டால் கேட்டவர் போய்விடுவார். சேரும் போய்விட்டார். அந்தப் பவுலுக்காகக் கிடைத்த இரண்டு பந்தையும் நீங்கள் தனியே நின்று கூடைக்குள் போட்டீர்கள். விளையாட்டுத் தொடர்ந்தது.

அடுத்த ஒன்றரை நிமிடத்தில் நடந்தது உங்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. நான் அந்த ஐந்து புள்ளடிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அடிக்கலாமா, இனி அடித்தால் ஏசுவார்களா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத் தலையை நிமிர்த்தும்போது நீங்கள் சீமெந்தில் கிடந்தீர்கள். அன்ரோனெற் முழங்காலில் நின்று உங்கள் தலைக்குக் கீழே கையை வைத்திருந்தாள். சேர் மறுபடியும் எட்டாம் இலக்கத்தைக் காட்டினார். பந்துக்குப் போன கை, சாதாரண பவுல் என்று சைகை செய்தார். நான் எழுதப் பார்த்தேன். ஆறாவது பவுலுக்குப் பெட்டி இல்லை. பென்சிலைப் பிடித்தபடியே இருந்தேன். சேர் வந்து தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏசியிருந்தால் நல்லது.

போட்டி அத்தோடு நின்றது. கிண்ணம் யாருக்கும் கொடுபடாமல் கந்தோர் அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது.

இவ்வளவும் பாதிதான் அக்கா. மற்றப் பாதியை எழுதத்தான் இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தேன்.

போட்டி முடிந்து மூன்றாம் நாள் உங்கள் அப்பா அடம்பனிலிருந்து பஸ்ஸில் எங்கள் கடைக்கு வந்தார். உங்கள் காலின் எக்ஸ்றே படம் வைத்த பெரிய உறை கையில் இருந்தது. வாப்பா கதிரை போட்டுக் கொடுத்தும் அவர் இருக்கவில்லை. “தங்கச்சி, நீ மேசையில இருந்தனி. உனக்கு எல்லாம் தெரியும். அந்தப் பெட்டை வேணுமெண்டுதானே என்ர பிள்ளையை இடிச்சது?” என்று கேட்டார். அவருடைய கண் சிவந்திருந்தது.

நான் தலையாட்டினேன்.

“அது காணும், வேற சாட்சி தேவையில்லை” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பின்னேரமே போட்டிக் குழுவுக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறார். வேண்டுமென்றே செய்த தாக்குதல், கண்ட சாட்சி மேசையில் இருந்த பிள்ளை என்று அதில் இருக்கிறதாம். விசாரணை பதினாறாம் திகதி, திங்கட்கிழமை. குற்றம் என்று முடிவானால் அன்ரோனெற்றுக்கு ஐந்து வருடம் தடை வருமாம். கல்லூரியும் விலக்கிவிடும் என்கிறார்கள். மேசையும் அவளும் சேர்ந்து போட்ட திட்டம் என்று சந்தியில் கதைக்கிறார்கள். அவளுடைய அம்மா மடு மாதா கோயிலுக்குப் போய் உங்கள் காலுக்காக மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்திருக்கிறா. அதற்கும் சனம், “பிழை செய்யாட்டி இவ ஏன் நேர்த்தி வைக்கிறா?” என்று கேட்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அன்ரோனெற் எங்கள் வீட்டுக்கு வந்தாள். படலைக்கு உள்ளே வரவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள். “ஏன்டி நீ மணியை அடிக்கேல்ல?” என்று கேட்டாள். நீ பார்த்தாய் என்று கையால் காட்டினேன். அவளுக்கு விளங்க நேரம் எடுத்தது. “வெளியில போறதுக்குத்தான்டி உன்னைப் பார்த்துக்கொண்டு நிண்டனான். அஞ்சு எண்டு எனக்குத் தெரியும். நீ அடிக்கேல்ல எண்ட உடனே நான்தான் பிழையா எண்ணிப்போட்டன் எண்டு நினைச்சன். நீ எழுதினா பிழைக்காது தானே” என்றாள். பிறகு, “நான் வேணுமெண்டு இடிச்சதெண்டு நீயா சொன்னனி?” என்று கேட்டாள். அந்த முறை மட்டும் என் தலை அசையவில்லை. அவள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். ஒரு பகிடியும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து என்னையே விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பயத்தில் அடிக்கவில்லையா, அவளைக் காப்பாற்ற அடிக்கவில்லையா என்று இன்னும் தெரியவில்லை. றிஸ்வி சேர் சொன்னதுபோல மனதை விட்டுவிட்டுக் கையை மட்டும் பார்த்தால், என் கை ஐந்தாவது புள்ளடியைப் போட்டது. என் கை மணியைத் தொடவில்லை. ஆனபடியால் தெரிந்தே செய்தேன் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். மணியை அடிக்காதே என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை, நீங்கள் விழுந்ததை நான் காணவில்லை என்றும் எழுதுவேன். இனி என்னை எந்த மேசைக்கும் கூப்பிட மாட்டார்கள். அது போகட்டும்.

ஆனால் எழுத்து மட்டும் போதாதாம். குழுவில் ஐந்து பேர் இருந்து கேள்வி கேட்பார்களாம். உங்கள் அப்பாவும் அங்கே இருப்பார். அந்தப் பெட்டை வேண்டுமென்றுதானே இடித்தது என்று அவர் மறுபடியும் அதே குரலில் கேட்டால் நான் மறுபடியும் தலையாட்டிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அக்கா, அந்த மோதல் எப்படி நடந்தது என்று உங்கள் உடம்புக்குத் தெரிந்திருக்கும். அவளுடைய கை பந்துக்கு வந்ததா, உங்களுக்கு வந்ததா? நீங்கள் எதை உணர்ந்தீர்களோ அதை மட்டும் உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள். அவளுக்குச் சாதகமாகச் சொல்லும்படி கேட்கவில்லை. என் தலையசைப்பை நம்பி அவர் போய் நிற்கக் கூடாது என்றுதான் கேட்கிறேன். கொழும்பில் நடக்கும் அணித் தெரிவுக்கு நீங்கள் வைத்திருந்த சப்பாத்து இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று அன்று அவர் வாப்பாவிடம் சொன்னார். ஒரு வருடம் ஓட முடியாது என்று டொக்டர் சொன்னதையும் சொன்னார். அதற்கு நான் என்ன எழுதுவது? உங்களிடம் மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

இந்தக் கடிதம் புதன்கிழமைக்குள் உங்கள் கையில் கிடைத்துவிடும் என்று தபால் கந்தோரில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு உங்களுக்கு மறுபடியும் போன் எடுப்பேன். போனில் தலையாட்டினால் உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் விசாரணைக்கு முதல் உங்களிடம் வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒன்றும் கேட்காவிட்டால் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருங்கள். காற்றுச் சத்தம்தான் வரும். அதற்குப் பின்னால் நான் நிற்பேன்.

அல்லாஹ் உங்கள் காலுக்குப் பழைய பலத்தைத் தரட்டும். தொழும்போதெல்லாம் அதைத்தான் கேட்கிறேன். அதற்கு வாய் தேவையில்லை.

வைத்துவிடாதீர்கள் அக்கா.

இப்படிக்கு,
மேசையில் இருந்த
முஸ்பிரா