நகெட்டுக்கு எண்ணெய் தேய்த்த வாரம்

ஜூன் 23, திங்கள்
காலை 3 டிகிரி. புல்லெல்லாம் உறைபனி வெள்ளை. இந்த நாட்டில் ஜூன்தான் நடுக்குளிர். மகள் அஞ்சுவைப் பள்ளி முகாமுக்கு பஸ் ஏற்றியாயிற்று. வெள்ளி பின்னேரம் வருவாள். அதுவரை அவளுடைய மூன்று கோழிகளும் என் பொறுப்பு. ஃப்ரிஜ்ஜில் ஒரு முழுத் தாள் எழுதி ஒட்டியிருக்கிறாள். முதல் இரண்டு வரி வாசித்தேன். தண்ணீர், தீன். போதும். நான் கோழி காணாதவனா.

பின்னேரம் கூட்டைத் திறந்தால் தலையணை கிழிந்த மாதிரி இறகு. நகெட்டின் முதுகும் கழுத்தும் வெறும் தோல். (பெயர் அஞ்சு வைத்தது. பொரித்துத் தின்கிற கோழித் துண்டின் பெயரைக் கோழிக்கே வைப்பதா.) மற்ற இரண்டுக்கும் குறையில்லை.

ஜூன் 24, செவ்வாய்
நகெட் மூலையில் குந்தி நடுங்குகிறது. ஏதோ தோல் நோய், வருத்தம் என்று முடிவு கட்டினேன். மருந்து: நல்லெண்ணெய், மஞ்சள், இளஞ்சூடாக. தேய்க்கத் தேய்க்கக் கத்தியது. வருத்தக்காரர் கத்துவது வழமைதானே என்று இன்னும் கொஞ்சம் தேய்த்தேன்.

மனைவி வாசலில் நின்று: "என்னப்பா, முழுக வார்க்கிறியளோ? சீயக்காயும் எடுத்துத் தரட்டோ?"

அஞ்சுவின் மெசேஜ்: நகெட் போட்டோ வேணும். மஞ்சள் பூசிய மொட்டைக் கோழியை எப்படி அனுப்புவது? போனில் கிடந்த பழைய படமொன்றை அனுப்பினேன். மூன்று இதயம் வந்தது.

ஜூன் 25, புதன்
2 டிகிரி. நகெட் கண்ணைத் திறக்கவில்லை. தீன் அப்படியே. மிச்சமிருந்த தூவியும் எண்ணெயில் ஒட்டிப்போய்.

செவன் ஹில்ஸில் என்னோடு வேலை செய்யும் கிரெக் வீட்டில் இருபது கோழி. சொன்னேன். எதற்கும் சிரிக்கிற மனிதன் சிரிக்கவில்லை. வருத்தமில்லையாம், வருடா வருடம் இறகு மாற்றுவதாம். புது இறகு முள்ளாக முளைக்கும்போது தொட்டாலே வலிக்குமாம். எண்ணெய் பட்ட தூவி சூட்டைப் பிடிக்காதாம். "இன்றைக்கே கழுவு, மேட்."

அரை நாள் லீவு. துணி துவைக்கும் லோண்ட்ரி அறைத் தொட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப். நான் பிடிக்க மனைவி ஊற்றினாள். மூன்று தரம். பிறகு அவளுடைய ஹெயார் ட்ரையர், குறைந்த சூட்டில், ஒரு மணி நேரம். கோழி தலையை என் முழங்கையில் போட்டுவிட்டது. மூச்சிருக்கிறதா என்று மாறி மாறிப் பார்த்தோம்.

"செத்தா பிள்ளைக்கு நீங்கள்தான் சொல்லோணும். நான் மாட்டன்."

பிறகுதான் ஃப்ரிஜ்ஜில் இருந்த தாளிடம் போனேன். மூன்றாவது வரி, அடியில் இரண்டு கோடு போட்டு: நகெட் இறகு மாற்றத் தொடங்குகிறாள், தொடவே கூடாது. அதற்கு மேல் வாசிக்கத் தைரியமில்லை.

ஜூன் 26, வியாழன்
நகெட் லோண்ட்ரியில், கார்ட்போர்ட் பெட்டிக்குள். இரண்டு வாய் தண்ணீர். தீன் இல்லை.

அஞ்சு: "அப்பா, போட்டோல தக்காளி பழுத்திருக்கு. ஜூன்லயோ?"

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஜூன் 27, வெள்ளி
இறகு முளைக்கப் புரதம் வேண்டும், தகரத்தில் அடைத்து வரும் ரின்மீன் கொடுத்துப் பார் என்கிறான் கிரெக். இன்றைக்கென்று வெள்ளிக்கிழமை. மனைவி விரதம். இந்த வீட்டில் வெள்ளியில் மீன் ரின் திறந்ததே இல்லை. கராஜில் ஒளித்துத் திறக்கலாம் என்றால் ரின் வெட்டும் ஓப்பனரைக் காணோம். குசினியில் கரண்டிகள் கிடக்கும் லாச்சியை இழுத்துக் கிண்டிக்கொண்டிருந்தேன். பின்னால் குரல்.

"வெளியில வைச்சுத் திறவுங்கோ. கை கழுவிப்போட்டு உள்ள வாங்கோ."

ஓப்பனர் அவள் கையில்.

விரல் நுனியில் ஒரு துண்டு நீட்டினேன். பார்த்தது. திரும்பிக்கொண்டது. மறுபடி பார்த்தது. கொத்தியது, என் விரலையும் சேர்த்து. இன்னொரு துண்டு. இன்னொன்று. அரை ரின் முடிந்தது. விரலில் இரத்தம், நல்ல சந்தோஷம்.

இன்றைய படத்தை எடுத்தேன். மஞ்சள் கழுத்து, முள் முள்ளாய் முதுகு. கீழே எழுதினேன்: எண்ணெய் தேய்த்தது நான். மூன்றாம் வரி வாசிக்கவில்லை. அஞ்சு பார்த்துவிட்டாள்.

4.10க்கு முகாம் பஸ் வந்தது. காரில் ஏறினாள், பின் சீட்டில். டூங்கபி ஸ்டேஷன் தாண்டியதும் கேட்டாள்.

"சாப்பிடுறாளா?"

"ஓம்."

"மூண்டாவது வரி என்ன?"

"தொடக்கூடாது."

"நாலாவது?"