தனபாலு படத்துக்கு எந்தத் துப்பாக்கி

நம்ம பேத்தி ஞானசுந்தரியோட தாத்தாவுக்கு,

நல்லா இருக்கீகளா? முட்டுவலி தேவலையா? ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, செவத்துல ஆணி எறக்குற இந்தத் துப்பாக்கிச் சண்டையில மூணு நாளாப் பேச்சில்லையே, அதான் எழுதிக் கேக்கேன்.

சோறு வடிச்சிட்டேன். கத்திரிக்காக் குழம்பு அடுப்பு மேல இருக்கு. கடைக்காரரு பத்து மணிக்கு ரெண்டு துப்பாக்கியையும் கொண்டாருவாரு. நம்ம மகன் தனபாலு படத்த மாட்ட, தோட்டா போட்டு வெடிக்கிறதத்தான் நீங்க எடுப்பீக. கல்லுச் செவத்துல அதுதான் நிக்குமாம். இன்னொண்ணு, சுத்தியலால தட்டுறதுல, ஆணி வளைஞ்சிருமாம். நான் என்னத்தச் சொல்ல?

பட்டாசுக் கம்பெனிக்குள்ள தீப்பொறி பறந்துருமுன்னு, பொம்பளைக கொண்டை ஊசியக்கூட வாசல்லயே வாங்கி வச்சிருவீக. அங்கன மருந்து வெடிச்சுப் போன புள்ளைய, தோட்டா மருந்த வெடிச்சுத்தானா செவத்துல ஏத்தணும்?

அந்தச் சத்தத்த என்னால கேக்க முடியாது. திருத்தங்கலுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். பொழுது சாய வந்துருவேன்.

தோட்டாவ அடுப்படிப் பக்கம் வைக்காதீக.

இன்னொண்ணு. படத்தத் தொடச்சு என் கட்டில்ல சாத்தி வச்சிருக்கேன். அங்கனயே இருந்துட்டுப் போகட்டுமேன்னு எனக்குத் தோணுது. உங்களுக்கு என்ன தோணுதுன்னு இந்தச் சீட்டுக்குப் பின்பக்கம் எழுதி வைங்க. வாயால சொல்ல வேண்டாம், ரெண்டு பேரும் அழுதுருவோம்.